யாரோ அழுத கண்ணீர்

சின்ன வெங்காயத்தின் விலையை வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உலகம்மாளுக்குக் கண்ணீர் வந்தது.

கண்ணோரம் லேசாகக் கசிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பொலபொலவென்று கொட்டியது. மேக்கப் போடும் பெல்சி பாடுபட்டுப் பூசிவிட்ட பவுடரில் இரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டு தாடைவரை ஓடியது. அதிலும் வேடிக்கை என்னவென்றால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கத்தரிக்காய், முருங்கைக்காய், சேனைக்கிழங்கு என்று அவள் பாட்டுக்கு வரிசையாக வாசிக்கிறாள், கண் அதன் பாட்டுக்கு ஊற்றுகிறது. கடைசியில் இரண்டு கையையும் கூப்பி, "செய்திகள் வாசித்தது உலகம்மாள், வணக்கம்" என்று சிரித்த முகமாகச் சொல்லி முடித்தபோது மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், திருநெல்வேலி ஜங்ஷனில் மாடியில் இருந்த சங்கு டிவியின் போன் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. "விலவாசியச் சொல்லும்போது அந்தப் பிள்ள அழுதுட்டு, பாத்தியளா! நம்ம கஷ்டம் தெரிஞ்ச பிள்ள!" என்றார்கள். "நீலிக்கண்ணீர்" என்றும் சிலர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஒரு அறிவிப்பாளர் அழுததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்வது இனிமேல் வரப்போகிற காலம். அப்போது செய்தி வாசிக்க மனுஷர்களை வைத்திருந்த சேனல்கள் அருகிப்போயிருந்தன. எங்கும் எந்திர முகங்கள்தான். அவை தும்மாது, லீவு கேட்காது, பொங்கலுக்குச் சேலை கேட்காது. சங்கு டிவி முதலாளி சங்குமுத்து அண்ணாச்சி மட்டும் உலகம்மாளை வைத்துக்கொண்டிருந்தார். பாசம் ஒன்றும் இல்லை. எந்திர முகம் நம்மூர்ப் பேர்களை வாசித்த லட்சணத்தைக் கேட்டு ஜனங்கள் போனில் ஏசினார்கள். "அடுத்த ஆடிக்குள்ள அதுவும் பேசப் படிச்சிரும் சார்" என்று கம்பெனிக்காரன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆக, உலகம்மாளின் வேலைக்கு ஆடிவரைக்கும்தான் ஆயுள்.

அழுகை வந்ததில் எல்லோரையும்விட அதிகம் அசந்துபோனவள் உலகம்மாள்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்தே வருஷக்கணக்காகியிருந்தது. சொந்த அப்பா செத்த வீட்டில்கூட வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்து, கல்நெஞ்சக்காரி என்று பேர் வாங்கியவள் அவள்.

அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. மருந்து வாங்கும் வரிசையில் யாராவது வம்புக்கு, "உங்களுக்கு எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டால், "பஸ்லதான் வந்துச்சு. ஜங்ஷன்ல இறங்கி, வழி கேட்டு, நேரா என் வீட்டுக்கே வந்துட்டு" என்பாள். கூட்டு மருந்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இரத்தத்தில் கிருமி இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிக் கிடந்தது. ஆள் திடமாக, வாய் நிறையப் பேசிக்கொண்டு, மீன் குழம்பென்றால் இரண்டு தட்டு சாப்பிடுகிறவளாக இருந்தாள். தொந்தரவு கண்ணில்தான். விடிந்தால் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. திறந்தால் உள்ளே ஆற்று மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். ஸ்டுடியோ விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மிளகாய்ப்பொடிதான்.

இந்தச் சங்கதி சங்கு டிவியில் ஒருவருக்கும் தெரியாது. முன்னால் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் எப்படியோ தெரிந்துபோய், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அவளுடைய டம்ளரில் மட்டும் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். சிவப்புப் புள்ளி. அதில் டீ குடித்துப் பார்த்தாள். பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டாள். தானாகவே வேலையை விட்டு வந்துவிட்டாள்.

கண் டாக்டர் ஷம்ஷாத் மேலப்பாளையத்துக்காரர். அதட்டவும் செய்வார், அதே மூச்சில் சிரிக்கவும் செய்வார். இந்த அழுகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், உலகம்மாளின் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிக் காத்திருந்துவிட்டு, அது மொரமொரவென்று காய்ந்தபடியே வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிருமி இப்ப அடங்கிருச்சு உலகம்மா. ஆனா அது வந்த புதுசுல கண்ணீர்ச் சுரப்பியில ஒரு சண்டை நடந்திருக்கு. சண்டை முடிஞ்சும் இடிஞ்ச வீடு இடிஞ்சபடியே கெடக்கு. கருவிழி மேல பாலிஷ் போன தரை மாதிரி கீறல் கீறலா இருக்கு. இப்படியே விட்டா பார்வை மங்கிரும்."

"சட்டியில இருந்தாத்தான டாக்டர் அகப்பையில வரும். நான் எங்க போயி கண்ணீர் வாங்க?"

"வாங்கத்தான் போறோம்" என்று டாக்டர் சிரித்தார்.

ஊற்று என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். நெல் உமி அளவுகூட இல்லாத ஒரு துணுக்கு. மேல் இமைக்கு உள்ளே வைத்துவிட்டால் அது உடம்பிலிருந்தே நீரை இழுத்துக் கண்ணீராக்கிச் சொட்டும். சிக்கல் ஒன்றுதான். எப்போது சொட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

"தூசி விழுந்தா எவ்வளவு, காத்தடிச்சா எவ்வளவு, மனசு வலிச்சா எவ்வளவுன்னு அது படிக்கணும்" என்றார் டாக்டர். "உங்க கண்ணு மட்டும் சொல்லிக் குடுத்தா படிச்சு முடிக்க மாமாங்கம் ஆகும். அதனால முதல்ல போடுற ஆறு பேரோட ஊற்றையும் ஒண்ணோட ஒண்ணு பேச விட்டிருக்கோம். பால்வாடியில ஒரு பிள்ளை அழுதா எல்லாப் பிள்ளையும் சேந்து அழும்ல? அந்தக் கதைதான். ஒருத்தருக்குக் கண்ணுல தண்ணி வந்தா மத்த அஞ்சு பேருக்கும் கொஞ்சம் வரும். நல்லா படிச்சதும் பிரிச்சு விட்டுருவோம். சம்மதமா?"

"அந்த அஞ்சு பேரு யாரு?"

"அதை மட்டும் கேக்கக் கூடாது. உங்க பேரை அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்ல? அதே நியாயம்தான்."

உலகம்மாளுக்கு அது பிடித்திருந்தது. சம்மதித்து ஊற்றை வைத்துக்கொண்டாள். வெங்காய விலைக்கு அழுத அன்று இரவே டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எரிச்சலில் வருகிற கண்ணீருக்கு ஒரு சாயல் இருக்குமாம், மனசிலிருந்து வருகிற கண்ணீருக்கு வேறு சாயலாம். "இது எரிச்சல் கண்ணீர். உங்க ஆறு பேர்ல யாரோ ஒருத்தர் அந்நேரம் பாத்து வெங்காயம் உரிச்சிருக்காங்க உலகம்மா!"

சரி, ஒருநாள் கூத்து என்று அவள் விட்டுவிட்டாள். மறுநாள் செய்தியில் அணையின் நீர்மட்டத்தை வாசிக்கும்போது கண் மறுபடி நிறைந்தது. அதற்கு மறுநாள் நகராட்சிக் கூட்டத்துக்கு வழிந்தது. வரவர ஏழு மணிச் செய்தி என்றால் கண்ணீர் என்று ஆகிவிட்டது. பகலெல்லாம் கண் அளவாக, பூ மாதிரி ஈரமாக இருக்கும். கேமரா முன்னால் உட்கார்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

பெல்சிக்குச் சந்தேகம் தாங்கவில்லை. மேக்கப் போட்டு முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப்பக்கத்து அறையிலிருந்து கேமராவை இயக்குவதும் அவள்தான். ஒருநாள் உலகம்மாளின் கன்னத்தருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"என்னட்டி, கிளிசரினா?"

"போடி இவளே! என் கண்ணு, நான் அழுதேன், உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பவுடர் டப்பாதான் காலியாவுது."

ஆனால் சங்குமுத்து அண்ணாச்சிக்கோ வாயெல்லாம் பல். மூன்று ஜில்லாவில் ஏழு மணிக்கு வேறு சேனல் ஓடவில்லை. எந்திர முகத்துக்கு அழ வராது, அழுதாலும் யார் நம்புவார்கள்? "அழுத பிள்ளதான் பால் குடிக்கும்பாவ. நீ அழுது எனக்கும்லா பால் வாங்கிக் குடுத்துட்ட தாயி!" என்று லட்டுப் பொட்டலத்தை நீட்டினார். எந்திர முகக் கம்பெனிக்காரனை இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார். உலகம்மாளுக்கு வேலை நிலைத்தது.

லட்டைத் தின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு எண்ணம் தட்டியது. தினமும் இத்தனை கண்ணீர் எனக்கு வருகிறதென்றால், அங்கே யாரோ ஒருவர் தினமும் இப்படி அழுகிறார்களே. மீதி லட்டைப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்து மடித்தாள்.

டாக்டரிடம் போனாள். டாக்டரும் இந்த முறை சிரிக்கவில்லை.

"நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரே ஆள்தான். தினமும் சாயங்காலம், அதே நேரம். எரிச்சல் இல்லை, மனசுலருந்து வர்ற கண்ணீர்."

"நீங்க கூப்பிட்டுக் கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா? 'ஒண்ணுமில்ல டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்களா?"

சொல்வாள்தான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"உங்களைப் பிரிச்சு விட்டுரவா?" என்று டாக்டர் கேட்டார். "அந்த ஆளோட கண்ணீர் உங்களுக்கு வராது. ஆனா உங்க ஊற்று இன்னும் அரைகுறையாத்தான் படிச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு மறுபடி மணல்தான். ஒளிச்சுப் பேச விரும்பலை உலகம்மா. இப்ப உங்க கண்ணு ஆறிட்டு வர்றதே அந்த ஆள் அழுகிற அழுகையாலதான். மத்த நாலு பேருக்கும் அப்படித்தான்."

உலகம்மாள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரித்துவிட்டால் கண்ணில் மறுபடி மணல், அழுகை போகும், அழுகையோடு வேலையும் போகும். பிரிக்காவிட்டால்? யாரோ ஒருவர் நெஞ்சு வெடித்து அழுவார், அதில் இவள் கண் குளிரும், அண்ணாச்சி லட்டு கொடுப்பார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அதற்கப்புறம் அந்த முகம் தெரியாத ஆள் அவளைத் தூங்க விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அழுகிறவர் யாராக இருக்கும்? பிள்ளைகள் கைவிட்ட அம்மாவோ? வேலையிலிருந்து வீடு திரும்பினால் பேச நாதி இல்லாத ஆளோ? அவருடைய டம்ளரிலும் யாராவது புள்ளி வைத்துவிட்டார்களோ? அப்படி நினைத்த நிமிஷமே உலகம்மாள் முடிவுக்கு வந்துவிட்டாள். அந்த ஆளோடு பேச வேண்டும். பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அந்த ஆள் டிவி பார்க்காமலா இருப்பார்? ஏழு மணிக்கு இந்தப் பக்கம் எல்லோர் வீட்டிலும் ஓடுவது சங்கு டிவிதானே?

மறுநாள் ஏழு மணிச் செய்தியில் கண்ணீர் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கொட்டியது. பேருந்துநிலையச் செய்தி, திருவிழாச் செய்தி எல்லாம் முடிந்தன. வானிலைக்கு முன்னால் உலகம்மாள் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இனி நான் வாசிக்கப்போறது செய்தி இல்ல" என்றாள். "நீங்க எல்லாரும் நான் விலைவாசிக்கு அழுதேன், மழைக்கு அழுதேன்னு சொல்லிட்டிருக்கீங்க. நான் ஒண்ணுக்கும் அழல. இது என் கண்ணீரே இல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

காதுக்குள் செருகியிருந்த சின்னக் கருவியில் அண்ணாச்சியின் குரல் "ஏ... ஏ..." என்று தடுமாறியது.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுதேன், நல்லாருக்கேன். நேத்துவரைக்கும் நீங்க பாத்த அதே உலகம்மாதான். என் கண்ணு மட்டும் காஞ்சுபோயிருந்துச்சு. அதுக்கு ஒரு வைத்தியம் பண்ணினாங்க. என்னை மாதிரி ஆறு பேரு. ஒருத்தர் அழுதா எல்லாருக்கும் தண்ணி வரும். அதுல ஒருத்தர் தினமும் இந்த நேரத்துக்கு அழுறீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க கண்ணீரு என் கன்னத்துலதான் ஓடுது, இந்தா பாருங்க. நீங்க அழுதது வீணாப் போகல. அதுலதான் என் கண்ணு தொறந்திருக்கு. உங்களுக்கு என்ன கஷ்டமோ, தனியா இருக்கோம்னு மட்டும் நெனைக்காதீங்க. உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ பேரு உலகம்மா."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ஒளிபரப்பை நிறுத்தும் பொத்தானை நோக்கி அண்ணாச்சியின் கை போனது. பெல்சி அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். முதலாளி கையைப் பிடிக்கிறோமே என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள், சொந்தக் கண்ணீர்.

அப்போது போன் அடித்தது. செய்தி முடிந்ததும் நேயர்கள் பேசுவதற்கென்று வைத்திருந்த போன். பெல்சி ஒரு கையால் அண்ணாச்சியைப் பிடித்தபடியே இன்னொரு கையால் அதை ஸ்டுடியோவுக்குத் திருப்பிவிட்டாள்.

"ஏ தாயி! ஏ உலகம்மா! போதும், நிறுத்து!" என்று ஒரு பெண்குரல் கணீரென்று வந்தது. "நீ தேடுத ஆளு நான்தான். எம் பேரு பனிமயம். தூத்துக்குடி. மீன் ஏலம் விடுதேன். உனக்கு இருக்கதுதான் எனக்கும் இருக்கு."

உலகம்மாளுக்குப் பதறிப்போயிற்று. "யக்கா, இது டிவில போவுது! ஊரே கேக்கும், பேரைச் சொல்லாதீங்க!"

"கேக்கட்டும். நீ மட்டும் சபையில நிக்கணும், நான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கணுமா? நல்லாருக்கே நியாயம்!" அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா தாயி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. நான் அழவே இல்ல."

"அப்ப?"

"சிரிச்சேன்."

"சிரிச்சீங்களா?" என்றாள் உலகம்மாள்.

"மொத நாளு டிவியப் போட்டா, நீ வெங்காய வெலயச் சொல்லுத, கண்ணுல தாரையாக் கொட்டுது, மூஞ்சி மட்டும் கல்லு மாதிரி இருக்கு. எனக்கும் அதே நேரத்துல கண்ணு கரிச்சிட்டு வருது. எனக்கு அழுகையெல்லாம் என்னைக்கோ தீந்துபோச்சு தாயி, சிரிப்பு அதுக்கு முன்னாலயே போச்சு. அன்னைக்கு வந்துச்சு பாரு ஒரு சிரிப்பு! வயித்தப் பிடிச்சுட்டு உருண்டேன். மறுநாளும் உன்னப் பாத்தேன், நெனச்சு நெனச்சு சிரிச்சேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. உடனே அங்க உனக்கும் வந்துட்டு. நீ மூக்க உறிஞ்ச, அதப் பாத்து நான் இன்னும் சிரிக்க..."

"அடப் பாவி அக்கா!" என்றாள் உலகம்மாள். ஒரு கணம் அவளுக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. இதற்காகவா ஊரறிய எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டேன்? "நானும் அந்த ஆறுல ஒருத்திதான்னு உங்களுக்குத் தெரியும்லா? டாக்டர்ட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"தெரியும், மொத ரெண்டு நாள்லயே தெரிஞ்சுபோச்சு. அதான் மூச்சு விடல. ஒரு வார்த்தை வெளிய போனா உன் பொழப்பு என்னாவும்? டாக்டரு கேட்டாவ, ஒண்ணுமில்லன்னுட்டேன். அப்புறம் மார்க்கெட்டுல பேசிக்கிட்டாவ, அந்தப் பிள்ள அழுததாலதான் அதுக்கு வேலை தங்குச்சு, இல்லன்னா மிஷினு வந்திருக்கும்னு. சரி, நம்ம சிரிச்சா ஒரு பிள்ள பொழைக்குதுன்னா சிரிப்போமேன்னு, மீனு வித்த கையக் கழுவினதும் தினமும் உன் முன்னால வந்து உக்காந்துருதேன். மேலெல்லாம் வலிக்கும், மனசு சரியிருக்காது, இன்னைக்கு வராதுன்னு நெனைப்பேன். உன் மூஞ்சியப் பாத்தா வந்துரும்."

உலகம்மாளின் கோபம் போன இடம் தெரியவில்லை. இவள் அவளுக்காகத் தூங்காமல் கிடந்தாள், அவள் இவளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் அவளுக்கு விம்மல் வந்தது, அப்புறம் அது எங்கேயோ திரும்பிச் சிரிப்பாகிவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். போனில் அந்தப்பக்கம் பனிமயம் சிரிக்க, அந்தச் சிரிப்புக்கு இங்கே கண் கொட்ட, இங்கே கொட்டியதற்கு அங்கே ஊற்றியது. பேர் தெரியாத மற்ற நாலு பேரும் இந்நேரம் எந்தெந்த ஊரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்களோ!

காதுக்குள் அண்ணாச்சி பேசினார். குரல் கரகரவென்று இருந்தது. "விளம்பரக்காரனுவ நாளைக்கு என் கழுத்தப் பிடிப்பானுவ. நான் பாத்துக்கிடுதேன். வானிலையை விடு, அந்தம்மாட்டப் பேசு."

பெல்சி கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் வந்தாள். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து உலகம்மாளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். மூன்று ஜில்லாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தாயி, இருக்கியா?" என்றது போன். "இனிமே உன் சேனல்காரரு உன்ன வெச்சிருப்பாரா?"

"வெச்சிருப்பாருபோலதான் தெரியுது யக்கா."

"அப்ப நாளைக்கும் அழுவியா?"

"நீங்க சிரிச்சா அழுவேன்" என்றாள் உலகம்மாள்.